தொலைபேசிக் கூட்டத்தில் ஆபரேட்டர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கத்துச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் போனிலேயே நடத்தும் கூட்டங்களுக்கு எங்கள் குழு ஆபரேட்டராக உட்காருகிறது. கூட்டம் நடத்துகிறவர்கள், கலந்துகொள்கிறவர்கள், இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்று மூன்று தரப்பும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. யாருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

நம்பரைப் போட்டு, கூட்டத்துக்கென்று கொடுத்த ரகசிய எண்ணை (பின் நம்பரை) அழுத்தினால் தானாகவே கூட்டத்துக்குள் போய்விடலாமே. நடுவில் ஆபரேட்டர் எதற்கு?

போக முடிகிறவர்களுக்கு ஆபரேட்டர் தேவையே இல்லை. முடியாதவர்களுக்குத்தான் தேவை. எந்தக் கூட்டத்திலும் பெரும்பாலோர் சிரமமில்லாமல் சேர்ந்துவிடுவார்கள். மீதிப் பேரில் ஒருவருக்கு பின் நம்பர் எழுதி வைத்த சீட்டு காணாமல் போயிருக்கும். இன்னொருவர் பட்டன் போனில் ஹாஷ் (#) எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். பதிவு செய்த குரல் "நீங்கள் அழுத்திய எண் தவறானது" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு லைனைத் துண்டித்துவிடும். அந்த ஆள் மறுபடி கூப்பிடமாட்டார். நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது என்று போனை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கூட்டத்தில் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி பல சமயம் அவரிடம்தான் இருக்கும்.

பேச வந்திருக்கிற அதிகாரிக்கும் தலைவருக்கும் உதவுவதுதான் ஆபரேட்டரின் முதல் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாசலிலேயே மாட்டிக்கொண்டவரைத் தேடிப் போய் உள்ளே கூட்டிவருவதுதான் முதல் வேலை. கூட்டத்தை நடத்த ஆபரேட்டர் பயன்படுத்தும் சாஃப்ட்வேரில் இருக்கிற பாதி வசதிகள் அதற்காகவே செய்யப்பட்டவை.

ஆபரேட்டர் திரையில் என்னவெல்லாம் தெரியும்?

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வரி. அதில் கூப்பிட்டவரின் எண், பெயர், எத்தனை நிமிடமாக லைனில் இருக்கிறார், இப்போது பேசுகிறாரா, மியூட்டில் இருக்கிறாரா, உதவி கேட்டிருக்கிறாரா, கேள்வி கேட்க வரிசையில் நிற்கிறாரா என்பதெல்லாம் இருக்கும். யாருடைய லைனிலிருந்து சத்தம் வருகிறதோ அந்த வரியில் ஓர் அடையாளம் மினுக்கும். ஆபரேட்டருக்குக் கண் மாதிரி இருப்பது அதுதான்.

அப்புறம் பட்டன்கள். ஒருவரை மியூட் செய்யலாம், கூட்டத்திலிருந்து தனியே எடுத்துப் பேசலாம், திரும்ப உள்ளே விடலாம், லைனைத் துண்டிக்கலாம், வெளியே ஒரு எண்ணுக்கு நாமே போன் போட்டு ஆளைச் சேர்க்கலாம். கூட்டத்தைப் பூட்டி, அதற்குமேல் யாரும் நேராக உள்ளே வராமல் செய்யலாம். எந்த சாஃப்ட்வேரிலும் இவை ஏதோ ஒரு பெயரில் இருக்கும். நிறமும் இடமும்தான் மாறும்.

ஸ்டார் (*) அழுத்தி ஜீரோ அழுத்தினால் என்ன ஆகும்?

பெரும்பாலான சேவைகளில் அதுதான் ஆபரேட்டரைக் கூப்பிடும் வழி. அழுத்தியதும் எங்கள் திரையில் உங்கள் வரி மேலே வந்து நிற்கும். நாங்கள் அதை எடுத்தால் உங்கள் லைன் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு தனி அறைக்கு வரும். அங்கே நீங்களும் ஆபரேட்டரும் மட்டும்தான். நீங்கள் சொல்வது கூட்டத்தில் யாருக்கும் கேட்காது. அந்த நேரத்தில் கூட்டத்தில் நடக்கிற பேச்சும் உங்களுக்குக் கேட்காது.

இந்த இடத்தில் ஆபரேட்டர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ரொம்ப முக்கியம். லைன் திடீரென்று மாறியதும் பலர் பதறிவிடுவார்கள். "இன்னாமா, கட் ஆயிடுச்சா?" என்பார்கள், அல்லது கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கிறது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதனால் எங்கள் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் சொல்வது இது: "வணக்கம்க்கா, நான் ஆபரேட்டர் பேசறேன். இப்ப நீங்க பேசறது எனக்கு மட்டும்தான் கேக்குது. சொல்லுங்க." இதைச் சொன்னதும் எதிர்முனையில் மூச்சு விடுவது கேட்கும். அதற்கப்புறம்தான் பிரச்சினை என்னவென்று வெளியே வரும்.

முடித்துத் திரும்ப அனுப்பும்போதும் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். "இப்ப உங்களை மறுபடியும் மீட்டிங்ல சேக்கறேன், ஒரு சின்ன சத்தம் வரும், லைன்லயே இருங்க." சொல்லாமல் தள்ளிவிட்டால், பாதிப் பேச்சில் இருக்கிற ஐம்பது பேர் நடுவே அவர் "ஹலோ, ஹலோ, ஏம்மா?" என்று கத்திக்கொண்டு போய் விழுவார்.

பட்டனை அழுத்துகிறேன், ஒன்றுமே நடக்கவில்லையே?

இதற்குக் காரணங்கள் நிறைய. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டச் போனில் பேச ஆரம்பித்ததும் எண் பலகை மறைந்துவிடும். திரையில் புள்ளிகளாக இருக்கிற கீபேட் படத்தைத் தொட்டால்தான் திரும்ப வரும். காதருகே கொண்டுபோனால் திரை இருட்டாகிவிடும், அதனால் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். எங்களுக்கு வருகிற உதவி அழைப்புகளில் இந்த வகைதான் அதிகம்.

பட்டன் போனில் ஸ்டார் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஒரு தட்டு, விட்டுவிட்டு அடுத்த தட்டு. சில செட்டுகளில் பேசும்போது பட்டன் ஒலி போவதை செட்டிங்கிலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள். அதைத் திரும்பப் போட வேண்டும்.

பழைய லேண்ட்லைன் செட்டில் பக்கவாட்டில் பல்ஸ், டோன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பல்ஸில் இருந்தால் எண் போகும், மணி அடிக்கும், பேசலாம். ஆனால் கூட்டத்தின் சிஸ்டத்துக்கு நீங்கள் அழுத்துவது எதுவும் புரியாது. சுவிட்சை டோனுக்குத் தள்ளினால் சரியாகிவிடும்.

விவரம் வேண்டுவோருக்கு: ஒவ்வொரு பட்டனும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஸ்டார் என்றால் 941 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும். ஜீரோ என்றால் 941, 1336. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963-இல் பொதுமக்களுக்குக் கொடுத்த இந்த முறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. செல்போனில் உங்கள் கையிலிருந்து சத்தமாகப் போவதில்லை. எந்தப் பட்டன் என்ற தகவலாகப் போய், வழியில் நெட்வொர்க் அதைச் சுருதியாக மாற்றிக் கொடுக்கும். இணைய வழி லைன்களில் இந்தத் தகவலை அனுப்பும் முறை இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் பட்டன் வேலை செய்யாது. ஒரே நெட்வொர்க்கிலிருந்து வருகிற எல்லோருக்கும் பட்டன் செத்திருந்தால் ஆட்களைக் குறை சொல்லாமல் லைன் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள்.

எது எப்படியோ, பட்டன் வேலை செய்யாதவர் உதவி கேட்கவும் பட்டனைத்தான் அழுத்த வேண்டும் என்று வைத்திருப்பது சரியில்லை. குறிப்பிட்ட விநாடிகளுக்குள் எதுவும் அழுத்தப்படவில்லை என்றால் லைன் தானாக ஆபரேட்டருக்கு வந்துவிட வேண்டும். சாஃப்ட்வேர் வாங்கும்போது இந்த ஒரு விஷயத்தை அவசியம் கேளுங்கள்.

பின் நம்பரை ஒவ்வொரு தடவையும் அடிக்காமல் இருக்க வழி உண்டா?

உண்டு. போனில் பெயரைச் சேமிக்கும்போது கூட்டத்தின் எண்ணுக்குப் பின்னால் இரண்டு மூன்று கமா போட்டு, பின் நம்பரையும் ஹாஷையும் சேர்த்துச் சேமித்துவிடலாம். ஒரு கமாவுக்குச் சுமார் 2 விநாடி போன் காத்திருந்து மீதியைத் தானே அழுத்தும். வீட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் ஒரு தடவை செய்யச் சொன்னால் போதும், பாட்டி பெயரைத் தொட்டாலே கூட்டத்துக்குள் போய்விடுவார்.

இது முடியாதவர்களின் எண்ணை முன்கூட்டியே எங்களிடம் கொடுத்துவிட்டால், அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பை பின் நம்பர் கேட்காமல் உள்ளே விடலாம். அல்லது நாங்களே கூப்பிட்டுச் சேர்க்கலாம்.

செல்போனிலேயே கான்ஃபரன்ஸ் கால் போடலாமே?

நாலைந்து பேர் என்றால் தாராளமாகப் போடலாம். பொதுவாகச் செல்போன் நெட்வொர்க்கில் உங்களைத் தவிர 5 பேரைத்தான் ஒன்றாகச் சேர்க்க முடியும். கூட்டியவருடைய போனில் சார்ஜ் போனால் கூட்டமே கலைந்துவிடும். வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றால் எல்லோரிடமும் டச் போனும் டேட்டாவும் வேண்டும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களிலும், காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாக்களிலும் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். சாதாரண அழைப்பு என்றால் அவர்களும் சமமாக வந்து உட்காரலாம்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் சேரலாம்?

சாஃப்ட்வேர் தாங்குவது வேறு, லைன் தாங்குவது வேறு. ஒரே இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் பி.ஆர்.ஐ. லைன் ஒன்றில் 30 பேச்சு வழிகள். 31-ஆவது ஆளுக்கு பிஸி டோன்தான். அவர் திரையிலேயே வரமாட்டார், அதனால் அவர் வெளியே நிற்பது ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. நூறு பேர் வருவார்கள் என்றால் நாலு லைன், அதாவது 120 வழிகள் இருக்க வேண்டும். வெளியே கூப்பிட்டுச் சேர்ப்பதற்கும் உதவி கேட்பவரிடம் பேசுவதற்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். அதே வேலையை இணையம் வழியாகச் செய்யும் டிரங்க் லைனில் எத்தனை வழிக்குக் காசு கட்டியிருக்கிறீர்களோ அத்தனை.

எல்லோரையும் மியூட்டில் போடுவது மரியாதைக் குறைவு இல்லையா? வந்தவர்கள் கோபித்துக்கொள்கிறார்களே.

கோபம் நியாயமானதுதான். கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாயை மூடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் திறந்திருக்கிற ஒவ்வொரு லைனும் தன் பங்குக்குச் சத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரே அளவு இரைச்சலுள்ள பத்து லைன்களைக் கலந்தால் மொத்த இரைச்சல் 10 டெசிபெல் கூடும். எங்கள் பகுதியில் அது சும்மா இரைச்சலாகவும் இருக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரியின் ஹாரன், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், மிக்சி, தண்ணி லாரி வந்துவிட்டது என்று தெருவில் கூப்பிடுகிற குரல், எல்லாம் சேர்ந்து வரும். பேசுகிறவர் குரல் அதில் மூழ்கிவிடும்.

அதனால் நாங்கள் செய்வது இது. ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் எல்லா லைனும் திறந்திருக்கும். "நான் வந்துட்டேன்", "நல்லாகீறியா" என்றெல்லாம் பேசிக்கொள்ளட்டும். இந்த ஐந்து நிமிடத்தை வீண் என்று சொல்லும் செயலாளர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குரல் கேட்டால்தான் கூட்டத்துக்கு வந்த மாதிரி இருக்கும். அதற்கப்புறம் எதற்காக மியூட், எப்போது பேசலாம், எப்படிக் கேட்கலாம் என்று தமிழில் சொல்லிவிட்டு மியூட் செய்கிறோம். அறிவிக்காமல் மியூட் செய்தால், தான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்று தெரியாமலே ஒருவர் மூன்று நிமிடம் மனம் விட்டுப் பேசிக்கொண்டிருப்பார். அந்த நிலை யாருக்கும் வரக் கூடாது.

நடுவில் திடீரென்று பாட்டு கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

யாரோ ஒருவருக்கு இன்னொரு அழைப்பு வந்திருக்கும். அவர் கூட்டத்தை ஹோல்டில் போட்டுவிட்டு அதை எடுத்திருப்பார். அவருடைய நெட்வொர்க் போடுகிற இசையோ, "உங்கள் அழைப்பு காத்திருப்பில் வைக்கப்பட்டுள்ளது" என்ற அறிவிப்போ தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கூட்டம் முழுக்க ஒலிக்கும். போட்டவருக்கு மட்டும் அது தெரியாது.

திரையில் இடைவிடாமல் மினுக்கிக்கொண்டிருக்கிற லைன் அதுவாகத்தான் இருக்கும். மனிதர்கள் பேச்சில் மூச்சு விடுவார்கள், ஹோல்டு பாட்டு விடாது. அந்த லைனை மியூட் செய்தால் போதும், துண்டிக்காதீர்கள். சில நிமிடத்தில் அவர் திரும்பி வருவார். வந்ததும் மியூட்டை எடுக்க மறந்துவிடாதீர்கள். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே "வேற போன் வந்தா எடுக்காதீங்க, எடுத்தே ஆகணும்னா இதை வெச்சுட்டு மறுபடி கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது. என் போனில் கோளாறா?

உங்கள் போனில் கோளாறு இல்லை. பெரும்பாலும் வேறு யாருடைய போனோ ஸ்பீக்கரில் இருக்கிறது. உங்கள் குரல் அவருடைய ஸ்பீக்கரில் வந்து, அவருடைய மைக்கில் புகுந்து, கொஞ்சம் தாமதமாக உங்களுக்கே திரும்புகிறது. இதில் ஒரு முக்கியமான விஷயம்: கூட்டத்தின் சிஸ்டம் ஒவ்வொருவருக்கும் அவர் லைனிலிருந்து வரும் சத்தத்தைக் கழித்துவிட்டு மற்றவர்கள் சத்தத்தை மட்டும்தான் அனுப்பும். அதனால் எதிரொலிக்குக் காரணமானவருக்கு அந்த எதிரொலி கேட்காது. எல்லோரும் எக்கோ என்று சொல்லும்போது "எனக்கு நல்லாத்தான கேக்குது" என்று ஒருவர் சொன்னால், முதலில் அவர் லைனைப் பாருங்கள்.

கண்டுபிடிக்க அவசரமான வழி: பாதி லைன்களை மியூட் செய்யுங்கள். எதிரொலி நின்றால் அந்தப் பாதியில்தான் ஆள் இருக்கிறார். அதில் பாதியைத் திறந்து பாருங்கள். இப்படியே போனால் 64 பேரில் ஒருவரைப் பிடிக்க 6 தடவை போதும். ஒவ்வொருவராக "உங்க போன் ஸ்பீக்கர்ல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் கூட்டமே முடிந்துவிடும்.

இன்னொரு வகை, ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் இரண்டு போனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. அப்போது எதிரொலியோடு விசில் மாதிரி கூவும் சத்தமும் வரும். ஒரே தெரு, ஒரே குடும்பப் பெயர் என்று பட்டியலில் பார்த்தால் சந்தேகப்படலாம். ஒருவரை வேறு அறைக்குப் போகச் சொல்லுங்கள், அல்லது ஒரே போனில் இருவரும் கேட்கட்டும்.

இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்கிறார்களே?

தாமதம்தான் காரணம். பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. இரண்டு பக்கமும் செல்போன், நடுவில் கூட்டத்தின் சிஸ்டம் என்றால் அதைத் தாண்டுவது சகஜம். ஆபரேட்டர் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கேள்வி நேரத்தை எப்படி நடத்துவது?

கம்பெனிகள் காலாண்டு முடிவுகளைச் சொல்ல முதலீட்டாளர்களோடு நடத்தும் கான்ஃபரன்ஸ் காலைக் கேட்டவர்களுக்கு இந்த முறை தெரிந்திருக்கும். கேள்வி இருந்தால் ஸ்டார், ஒன்று. வேண்டாம் என்றால் ஸ்டார், இரண்டு. உதவிக்கு ஸ்டார், ஜீரோ. பட்டன் அழுத்தியவர்கள் திரையில் வரிசையாக நிற்பார்கள். ஆபரேட்டர் பெயரைச் சொல்லி, அவர் லைனை மட்டும் திறந்து, கேள்வி முடிந்ததும் மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் அந்தக் கூட்டத்தின் பேச்சை எழுத்து வடிவில் 5 வேலை நாட்களுக்குள் வெளியிட வேண்டும். அதனால் அங்கே ஆபரேட்டர் பெயரைத் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு அப்படியே பதிவாகிவிடும்.

எங்கள் சங்கக் கூட்டங்களுக்கும் இதே முறைதான், கொஞ்சம் மாற்றத்தோடு. வரிசையில் நிற்கிறவரிடம் அவர் முறை வரும் முன்பே தனியாக ஒரு நிமிடம் பேசிவிடுவோம். பெயர், தெரு, கேள்வி எதைப் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் நிவாரணப் பணத்தைப் பற்றி நடக்கும் கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே கேள்வியோடு நிற்பார்கள். அவர்களை அடுத்தடுத்து விட்டால், அதிகாரி முதல் ஆளுக்குச் சொன்ன பதிலையே அடுத்த ஆளுக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டு நகரலாம். வங்கிக் கணக்கில் பெயர் மாறியிருக்கிறது என்பது போன்ற தனிச் சிக்கல் இருப்பவரைக் கூட்டத்தின் நடுவே பேசவைக்க வேண்டாம். குறித்துக்கொண்டு, முடிந்த பின் தனி அறையில் அதிகாரியோடு இணைத்துவிடலாம்.

பெயர் வாங்கும்போது கவனம் வேண்டும். சாதாரண போன் லைனில் சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். எம். செல்வியும் என். செல்வியும் ஒன்றாகவே கேட்கும். எஸ்ஸும் எஃப்பும் அப்படித்தான். "பவர்குப்பம் செல்வி அக்கா" என்று இடத்தோடு குறித்துக்கொண்டால் குழப்பம் வராது.

பெயர் தெரியாத லைனை எப்படி அழைப்பது?

கடைசி மூன்று எண்ணைச் சொல்லுங்கள். முழு எண்ணைக் கூட்டத்தில் ஒருபோதும் படிக்காதீர்கள். குறிப்பாகப் பெண்களின் எண்ணை.

ஆபரேட்டர் நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பாரா?

கூட்டத்தில் பேசுவது ஆபரேட்டருக்குக் கேட்கும். கேட்டால்தான் சத்தமோ எக்கோவோ வந்ததும் சரிசெய்ய முடியும். வேண்டாம் என்று கூட்டம் நடத்துகிறவர் சொன்னால் கேட்காமலும் இருக்கலாம், அப்போது திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். குடும்பப் பஞ்சாயத்து, உடல்நலம் சம்பந்தமான கூட்டங்களில் நாங்களே அப்படித்தான் செய்கிறோம். ஆபரேட்டர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதைக் கூட்டத்துக்குச் சொல்லிவிடுவது முறை.

பதிவு செய்வதாக இருந்தால் ஆரம்பத்தில் அறிவிக்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும், நுழையும்போதே அறிவிப்பு ஒலிக்கும்படி சாஃப்ட்வேரில் வைத்துவிடலாம். நாட்டில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. எண், பெயர், குரல் எல்லாம் அந்தந்த ஆளுக்குச் சொந்தமானவை. வேலை முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுங்கள். அதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கூப்பிட்டால் மோசடி என்று நினைத்து எடுக்க மறுக்கிறார்களே?

மறுப்பது நல்ல பழக்கம்தான். அதை மாற்றச் சொல்லமாட்டேன். கூட்டத்துக்கு முந்தின நாளே சங்கத்தின் ஆள் ஒருவர் நேரில் போய், அல்லது தெரிந்த எண்ணிலிருந்து கூப்பிட்டு, "நாளைக்கு இந்த நம்பர்ல இருந்து போன் வரும், எடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஆபரேட்டர் உங்களிடம் கேட்பது உங்கள் பெயரும் கூட்டத்தின் பெயரும்தான். ஓடிபி, ஆதார் எண், வங்கி விவரம் எதையும் கேட்கமாட்டார். கேட்டால் அவர் ஆபரேட்டர் இல்லை. உடனே வைத்துவிடுங்கள், பணம் போயிருந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பார்வையில்லாதவர்கள் இந்த வேலை செய்ய முடியுமா?

நன்றாகச் செய்ய முடியும். தொலைபேசி ஆபரேட்டர் வேலையில் பார்வையற்றவர்கள் பல காலமாக இருக்கிறார்கள். குரலை வைத்தே ஆளையும் மனநிலையையும் பிடித்துவிடுகிற காது இந்த வேலைக்குப் பெரிய பலம். தடையாக இருப்பது சாஃப்ட்வேர்தான். உதவி கேட்ட லைனைச் சிவப்பாக மட்டும் காட்டினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு மணி ஒலிக்க வேண்டும், என்விடிஏ போன்ற திரை வாசிப்பான் அந்த வரியைப் படிக்கும்படி இருக்க வேண்டும், மவுஸ் இல்லாமல் விசைப்பலகையிலேயே எல்லா வேலையும் முடிய வேண்டும். திரை வாசிப்பானுக்கு ஒரு காது, கூட்டத்துக்கு ஒரு காது என்று ஒலியைப் பிரித்துக் கொடுத்தால் வேலை சுலபமாக ஓடும். வாங்கும் முன்பு ஒரு பார்வையற்ற ஆபரேட்டரை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் முடிகிற சாஃப்ட்வேர் மற்றவர்களுக்கும் வேகமாகவே இருக்கும்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

காசு குறைவு, கணினி தெரிந்த ஆள் இருக்கிறார் என்றால் இலவசமாகக் கிடைக்கும் ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். ஆஸ்டெரிஸ்க்கை 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்பவர் ஆரம்பித்தார். இரண்டிலும் கான்ஃபரன்ஸ் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஆபரேட்டர் உட்கார்ந்து வேலை செய்கிற திரை அதோடு வராது, அதைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். ஆள் இல்லை என்றால் மாத வாடகைக்குக் கிடைக்கிற சேவைதான் நல்லது. எதுவானாலும், தமிழ் அறிவிப்புகளை நாமே பேசிப் பதிவுசெய்து ஏற்ற முடியுமா என்று பாருங்கள். புத்தகத் தமிழில் வேகமாக ஓடுகிற குரலை விட, நம் தெருக்காரர் நிதானமாகப் பேசிய அறிவிப்பு பல மடங்கு பயன் தரும்.

புதிதாக வருகிற ஆபரேட்டர் முதலில் எதைப் பழக வேண்டும்?

காத்திருக்கிறவரை அமைதியில் விடாமல் இருப்பதை. சத்தமே இல்லாத லைனில் யாரும் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள், கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் உதவி கேட்டால் முதல் ஆளின் பிரச்சினையை முழுக்கத் தீர்த்துவிட்டு அடுத்தவரிடம் போகாதீர்கள். ஐந்து பேரிடமும் ஐந்து விநாடி பேசி "லைன்லயே இருங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு ஆள் போனை வைத்துவிட்டாலும் எண் திரையில் இருக்கும். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் நாமே கூப்பிட வேண்டும்.

பேச்சில் மரியாதை குறையக் கூடாது. "உங்களுக்கு மியூட் எடுக்கத் தெரியலையா?" என்று கேட்பதற்கும், "உங்க குரல் எங்களுக்கு வரலைங்கய்யா, நான் இங்கருந்தே சரி பண்றேன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். ஆபரேட்டரால் தன் பக்கத்திலிருந்தே செய்ய முடிகிற எதையும் கூப்பிட்டவர் தலையில் ஏற்றக் கூடாது.

மழை, புயல் நேரத்தில் கூட்டம் நடத்த முடியுமா?

அப்போதுதான் அதிகம் தேவைப்படும், அப்போதுதான் லைனும் படுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் நாள்கணக்கில் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவியதும் அதே வெள்ளத்தில்தான். அதனால் ஆபரேட்டர்கள் எல்லோரும் வடசென்னையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒருவராவது வேறு ஊரிலிருந்து அதே திரையைத் திறக்க முடிய வேண்டும். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், வீட்டில் கரன்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் லைனுக்கு வீட்டில் கரன்டோ பேட்டரியோ வேண்டும். தெருவுக்கு ஒருவரை நியமித்து, சிக்னல் கிடைக்கிற அவர் மட்டும் கூட்டத்தில் சேர்ந்து மற்றவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அந்த நாட்களுக்குப் பொருந்தும். போன் சார்ஜை மிச்சம் பிடிக்கக் கூட்டத்தை இருபது நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

எந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் ஆட்கள் வருவார்கள்?

காசிமேட்டில் விடியும் முன்பே ஏலம் ஆரம்பித்துவிடும். மீன் விற்கிறவர்கள் வீடு திரும்ப மதியமாகும், வந்ததும் தூங்குவார்கள். அவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கூட்டம் அதிகம், அன்றைக்கு வேண்டாம். ஓய்வூதியர்களுக்குக் காலை பத்தரை மணி பொருந்தும். தண்ணி லாரி வரும் நேரத்தை அந்தந்தத் தெருவில் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த அரை மணி நேரம் யாரும் போனில் இருக்கமாட்டார்கள். கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் ஆபரேட்டர் நாலரைக்கே லைனைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதல் ஆள் நாலே முக்காலுக்கே கூப்பிட்டுவிடுவார்.